எட்டுப் பேர் இழுத்த கயிறு



காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் நம் இதழ் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் நிச்சயம் வரும். ஆள் மாறும், ஊர் மாறும், சேதி மாறாது. நாலு பேர் சேர்ந்து செய்யச் சொன்ன புராஜெக்டை என் மகள் ஒருத்தியே ராத்திரி உட்கார்ந்து முடித்தாள். மார்க் மட்டும் நாலு பேருக்கும் ஒன்று. இது எந்த ஊர் நியாயம்? இந்த முறை எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கடிதம். தன் பையன் ‘ஒண்ணும் செய்யாதவன்’ என்று பெயர் வாங்கிவிட்டான் என்று ஒரு தகப்பனார் வருத்தப்பட்டிருக்கிறார். குழுவில் மற்ற மூவரும் கோவில்பட்டி டவுன் பிள்ளைகள். சாயங்காலம் ஒரு வீட்டில் கூடிச் செய்திருக்கிறார்கள். இவன் ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். சார்ட், தெர்மாகோல், கலர் பிரிண்ட் என்று பங்குப் பணம் வேறு.

இரண்டு கடிதமும் உண்மை பேசுகின்றன. நம் கரிசல் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வகுப்பு என்பது பத்துப் பதினைந்து ஊர்ப் பிள்ளைகள். கழுகுமலைப் பக்கம் ஒருத்தி, கடம்பூர்ப் பக்கம் ஒருத்தன், எட்டயபுரம் ரோட்டில் உள்ளே தள்ளி இருவர். மணி அடித்ததும் கலைந்துவிடுகிற கூட்டத்திடம் ‘வெளியில் சேர்ந்து செய்துகொண்டு வாருங்கள்’ என்று சொன்னால், கையெழுத்து நன்றாக இருக்கிற பெண் பிள்ளை தலையில்தான் அது விடியும். இல்லையென்றால் பிரவுசிங் சென்டர்காரர் செய்து கொடுப்பார். அவருக்கும் ஒரு மார்க் போடலாம்!

குழுவில் சேர்ந்தால் ஆள் சோம்பிவிடுவது நம் பிள்ளைகளின் தனிக் குணம் ஒன்றும் இல்லை. பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்தார். 1913-இல் முடிவை வெளியிட்டார். ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தை 100 என்று வைத்தால், இருவர் சேரும்போது தலைக்கு 93, மூவர் என்றால் 85, எட்டுப் பேர் என்றால் தலைக்கு 49. ஆள் கூடக்கூட இழுப்பு ஒரே நேரத்தில் விழாமல் போவதும் இதற்குக் காரணம். அடுத்தவன் இழுப்பான் என்ற நினைப்பும் காரணம். பின்னாளில் அமெரிக்காவில் பிப் லட்டானேயும் அவருடைய கூட்டாளிகளும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லி இதையே சோதித்தார்கள். அவரவர் சத்தம் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தச் சோம்பல் போய்விட்டது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல பிரெஞ்சுக்காரர் வேண்டியதில்லை. லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டியை வேலியோரம் நின்று பார்த்தவர் யாரும் ‘பதினொரு பேருக்கும் ஒரே கோப்பையா’ என்று சண்டைக்கு வந்ததில்லை. யார் ஓடினார், யார் நின்றார் என்பது அங்கே வெட்டவெளியில் தெரிகிறது. புராஜெக்ட் மூடிய கதவுக்குள் நடக்கிறது; ஆசிரியர் கைக்கு வருவது ஒட்டி முடித்த சார்ட்தான்.

நம் மாநிலத்தில் 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்தார்கள். செயல்பாடுகளுக்கும் செயல்திட்டங்களுக்கும் இடம் கிடைத்தது அந்த 40-க்குள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாற்பது, ஐம்பது பிள்ளைகளுக்குத் தனித்தனியே பார்த்து மதிப்பெண் போட ஆசிரியருக்கு நேரம் எங்கே? குழுவுக்கு ஒரு மார்க் என்பது கற்பித்தல் முறையாக இருந்ததைவிட நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழியாக இருந்ததே அதிகம்.

குழு வேலை பலன் தந்த இடமும் உண்டு. 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய வேண்டும். கண்மாய்க் கரையில் அலைந்து, வீடு வீடாகக் கேள்வி கேட்டு எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர். புத்தகத்தில் இல்லாத பதிலைத் தேடிப் போகிற அந்தப் பழக்கத்தை எந்தத் தேர்வும் தராது. அங்கேயும் ஒரு நெருடல் உண்டு. மேல்மட்ட மேடைகளுக்குக் குழுத் தலைவர்தான் போவார் என்பது நெடுநாள் வழக்கம். கூட அலைந்தவர்கள் ஊரிலிருந்தே கைதட்ட வேண்டியதுதான்.

இதற்காகக் குழு வேலையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், நம் பக்கத்து நிலவரம். மாணவர்களிடையே சாதி வன்முறையாக வெடித்த நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு நம் வகுப்பறைகள் இருக்கின்றன. ‘நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டால் தெருப்படிதான் பிரியும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்தபோது ஒரே கலவரம். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி செய்தார். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்தார். அடுத்தவன் துண்டு அவனிடம் மட்டுமே இருக்கிறது. அவன் சொல்வதைக் கேட்காமல் பரீட்சை எழுத முடியாது. பரீட்சையும் மார்க்கும் அவரவருக்குத் தனி. குழுவைப் பிரிப்பவரும் ஆசிரியரே.

அப்படி ஒரு வேலை நம் மண்ணிலேயே காத்துக் கிடக்கிறது. இந்தப் பக்கத்து மழை ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊர் எல்லையில் நின்றுவிடும். மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்கு இது தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மழைமானிகள் சொல்லும் கணக்கில் அது முழுதாகத் தெரியாது. சாயங்காலம் பஸ் ஏறிக் கலைகிற அதே பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஊரில் மழையை அளக்கலாமே? டவுன் பிள்ளை கடம்பூர் மழையைக் காப்பியடிக்க முடியாது. அப்பா செய்து கொடுக்க முடியாது, கடையிலும் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்து எல்லோருடைய கணக்கையும் ஒரே வரைபடத்தில் குறித்தால்தான் படம் முழுமையாகும். ஒருவர் அளக்காமல் விட்டால் அந்த ஊர் வெற்றிடமாக நிற்கும், யார் என்று கேட்கவும் வேண்டாம்.

செலவு ஒன்றுமில்லை. பக்கங்கள் நேராக இருக்கிற தகர டப்பா ஒன்று, ஒரு ஸ்கேல். மரத்தடியும் கூரை ஓரமும் ஆகாது. திறந்த வெளியில் வையுங்கள். வானிலைத் துறை அளப்பதுபோல் நீங்களும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை அளந்த வகுப்புகள் எங்களுக்கு அனுப்புங்கள். தை இதழில் நடுப்பக்கத்தை ஒதுக்கி வைக்கிறோம். ‘எட்டாம் வகுப்பு மாணவர்கள்’ என்று மொத்தமாகப் போட மாட்டோம். ஊர்ப் பெயர், மில்லிமீட்டர், பக்கத்தில் அளந்தவர் பெயர்.

அன்புடன்,
ஆசிரியர்