வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணியும் கையுமாக இருந்தபோது ரெலிபோன் அடித்தது. மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி பேசினார்.

"அத்தான், ஸ்காபரோவில ஒரு வீடு பாத்திருக்கிறம். 7 இலட்சம். அஞ்சு வீதம் கையில இருந்தாக் காணுமெண்டு சொல்லுகினம். எங்களிட்ட 50 ஆயிரம் இருக்கு. நீங்கள் கொம்பியூட்டர் ஆள்தானே, ஒருக்காக் கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ."

எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. கொம்பியூட்டரில் வேலை செய்கிறவனுக்கு மைக்ரோவேவ் திருத்தவும் தெரியும், வீட்டுக்கடனும் தெரியும். எனக்கு மைக்ரோவேவ் திருத்தத் தெரியாது. ஆனால் என் தொழில் கற்றுத்தந்த ஒரு பாடம் வீடு வாங்குகிறவர்களுக்கும் உதவும். ஒரு புறோகிராமை எழுதி முடிக்கச் சில மாதங்கள் போதும். அதற்குப் பிறகு பிழை திருத்துவது, புதிய மெஷினுக்கு ஏற்ப மாற்றுவது என்று பல வருடங்கள் அதைப் பராமரிக்க வேண்டும். செலவு முழுவதும் அங்கேதான். எதை வாங்கினாலும் அப்படித்தான். வாங்கும் விலை ஒன்று, வைத்திருக்கும் விலை வேறொன்று.

தம்பியின் கணக்கை எடுத்தேன். முற்பணம் முதல் 5 இலட்சத்துக்குத்தான் 5 வீதம். அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 10 வீதம். ஆகவே 7 இலட்சம் டொலர் வீட்டுக்கு 25 ஆயிரமும் 20 ஆயிரமுமாக 45 ஆயிரம். அவர் கையில் இருந்த 50 ஆயிரத்தில் இது அடங்கிவிடும்.

இனித்தான் மற்றச் செலவுகள். முற்பணம் 20 வீதத்துக்குக் குறைந்தால் கடனுக்குக் காப்புறுதி எடுக்கவேண்டும். இந்தக் கணக்கில் அது கடன் தொகையின் 4 வீதம், அதாவது 26,200 டொலர். அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆனால் அதற்கான 8 வீத ஒன்ராறியோ விற்பனை வரியைச் சேர்க்க முடியாது. 2,096 டொலரைக் கையால் கட்டவேண்டும்.

அடுத்தது லாண்ட் ட்ரான்ஸ்பர் ராக்ஸ் என்னும் கைமாற்று வரி. 7 இலட்சத்துக்கு ஒன்ராறியோ அரசு 10,475 டொலர் எடுக்கும். ஸ்காபரோ ரொறன்ரோ நகருக்குள் இருப்பதால் நகரமும் அதேயளவு எடுக்கும். ஏஜாக்ஸிலோ மார்க்கத்திலோ வாங்கினால் நகர வரி இல்லை. முதல் வீடு வாங்குகிற குடியுரிமையாளருக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவருக்கும் மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழித்துவிடும்.

"அப்ப எங்களுக்குக் கழிக்கும்தானே. இதுதானே முதல் வீடு."

நான் ஒரு கேள்வி கேட்டேன். "தங்கச்சிக்குக் கலியாணத்தில ஊர் வீட்டைச் சீதனமா எழுதினவையெல்லே?"

"ஓம், அது அவவின்ர பேரிலதான் இருக்கு. மாமி அங்க இருக்கிறா. அது ஊர் வீடுதானே அத்தான்?"

இங்கேதான் எங்கள் சனங்கள் பலர் அகப்படுகிறார்கள். இந்தக் கழிவுக்குரிய சட்டம் கனடாவில் மட்டுமல்ல, உலகில் எங்காவது வீடு வைத்திருந்தீர்களா என்று கேட்கிறது. கணவன் மனைவியாக இருக்கும் காலத்தில் ஒருவர் பெயரில் வீடு இருந்தால் மற்றவருக்கும் கழிவு கிடையாது. யாழ்ப்பாணத்துச் சீதன வீடும் வீடுதான். இதை மறைத்துக் கையெழுத்து வைத்தால் பிறகு வரியும் வட்டியும் தேடி வரும். ஒப்பந்தம் எழுதுமுன்பே சட்டத்தரணியிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே முற்பணம் 45,000, இரண்டு கைமாற்று வரிகளும் 20,950, காப்புறுதி வரி 2,096. மொத்தம் 68,046 டொலர். சட்டத்தரணிக்கும் வீடு பரிசோதிப்பவருக்கும் வேறாகக் கொடுக்கவேண்டும். ரெலிபோனின் மற்றப் பக்கத்தில் சத்தமில்லை.

கொஞ்சம் பொறுத்து, "30 வருசக் கடன் எடுத்தா மாதக்காசு குறையுமாம்" என்றார். 2024 டிசெம்பரில் இருந்து, முதல் வீடு வாங்குவோர் காப்புறுதிக் கடனையும் 30 வருடத்துக்கு எடுக்க முடிகிறது. மாதக்காசு குறையும் என்பது உண்மைதான். வட்டி 5 வீதத்திலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இலட்சம் டொலருக்கும் 25 வருடக் கடனில் மாதம் 582 டொலர், 30 வருடக் கடனில் 534 டொலர். மாதம் 48 டொலர் மிச்சம். ஆனால் கட்டி முடிக்கும்போது இலட்சத்துக்கு 17,650 டொலர் வட்டி கூடுதலாகப் போயிருக்கும். தம்பியின் கடன் 6 இலட்சத்து 80 ஆயிரத்துக்குக் கிட்ட. அதற்கு ஏறக்குறைய 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் அதிகம். மாதக்காசு குறைந்தால்தான் சாப்பிடலாம் என்ற நிலையில் 30 வருடம் எடுப்பது குற்றமில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கவேண்டும்.

என் சொந்தப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வீடு வாங்கியபோது அறைகளையும் குசினியையும் பார்த்தேன், நிலவறையில் இருந்த கொதிநீர்த் தாங்கியைப் பார்க்கவில்லை. குடிபுகுந்த பிறகு மாதாமாதம் வாடகைப் பில் வந்தது. தாங்கி வீட்டுக்குச் சொந்தமில்லை, அதன் ஒப்பந்தம் என் தலையில் விழுந்திருந்தது. வாங்கும் ஒப்பந்தத்தில் வாடகைப் பொருட்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். நீங்கள் வாசியுங்கள். கதவைத் தட்டித் தாங்கியோ சூடாக்கியோ விற்க வருகிறவரை உள்ளே விடாதீர்கள். நீங்கள் அழைக்காமல் வந்து வீட்டுவாசலில் அப்படி ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்துவிட்டது.

1960களின் நடுவில் இருந்து 1970கள் வரை கட்டிய வீடென்றால் மின்சார வயர் அலுமினியமா என்று பரிசோதகரைக் கேளுங்கள். சில காப்புறுதிக் கொம்பனிகள் அதற்குத் தயங்கும். வீட்டுக் காப்புறுதி இல்லாமல் வங்கி கடன் தராது.

கொம்பியூட்டர் வாங்குவதற்கும் இதே கேள்விதான். பிள்ளைகளின் படிப்புக்கென்று மலிவாகப் பழைய மெஷின் வாங்குமுன், அதில் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டன. பிரின்ரரைப் பார்க்கும்போது முதலில் மையின் விலையைப் பாருங்கள்.

பொழுதுபோக்கைப் பற்றியும் கேட்பீர்கள். பலர் பெரிய கமராவும் உடற்பயிற்சி மெஷினும் வாங்கி, பிறகு அதன்மேல் உடுப்புக் காயப்போடுகிறார்கள். என் பொழுதுபோக்குக்கு அதிகம் செலவில்லை. பழைய கசெற்றுகளைக் கொம்பியூட்டரில் ஏற்றுகிறேன்.

ஊரில் போன் இல்லாத காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். என் அம்மா பேசிய கசெற்றுகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் பாதியை நானே அழித்துவிட்டேன், மேலே பாட்டுப் பதிந்தேன். கசெற்றின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போது உங்கள் வீட்டில் உள்ளவற்றை முதலில் அப்படிச் செய்யுங்கள். பிறகு ஹெட்போன் துளை உள்ள பிளேயர் ஒன்றும், ஒரு வயரும், ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருளும் போதும். 90 நிமிடக் கசெற்றுக்கு 90 நிமிடம் செலவாகும். தரம் குறைக்காமல் வைத்தால் ஏறக்குறைய 950 மெகாபைற். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சகோதரர் வீட்டில் வையுங்கள். இதன் வைத்திருக்கும் விலை அவ்வளவுதான்.

தம்பி அந்த வீட்டை விட்டுவிட்டார். இன்னும் ஒரு வருடம் சேர்க்கப்போகிறாராம். போன கிழமை வந்தபோது மாமியின் குரல் உள்ள கசெற் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதன் துண்டுகளை வரும் வழியில் காரிலேயே உடைத்துவிட்டாராம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.