நுரையீரல் ரத்தக்குழாயில் ஆள் மாறாட்டம்!

மூச்சு இரைக்கிறது, நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் எடுக்கிறார்கள். இதயத்தில் இருந்து நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு! "ரத்தம் உறைஞ்சு போச்சு" என்று மருந்து தருகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான்.

ஆனால் அபூர்வமாக, அந்த அடைப்பு உறைந்த ரத்தம் அல்ல. குழாய்ச் சுவரிலேயே முளைத்த புற்றுக்கட்டி! 1923-ல் இது முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்ததே பிரேத பரிசோதனையில்தான். நூறு வருஷம் ஆகியும் டாக்டர்களை ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

துப்பு கிடைக்காமல் இல்லை. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் அடைப்பு கரையவில்லையா? உடம்பு இளைக்கிறதா? விட்டு விட்டுக் காய்ச்சலா? கால் நரம்பில் ரத்தக்கட்டு எதுவும் இல்லையா? சந்தேகப்பட வேண்டியதுதான்! உறைந்த ரத்தத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, கட்டிக்குள் உண்டு. அதனால் ஊசியில் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி பளிச்சென்று தெரியும். 'பெட்' ஸ்கேனும் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். முடிவாகச் சொல்வது சதைப் பரிசோதனை.

சீக்கிரம் பிடித்தால் ஆபரேஷனுக்கு வழி உண்டு. நாள் கடந்தால் நுரையீரலுக்கும் பரவிவிடும்.

மருந்தை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள். ஆனால் "ஏன் சார் இன்னும் கரையலே?" என்று கேட்கத் தயங்காதீர்கள். டாக்டர்களும் அதே சீட்டை மறுபடி எழுதித் தராமல், அதே குழாயை மறுபடி பார்க்கட்டும்!