நீல பெயின்ட் அடித்தால் நம்மூர் ரயிலாகிவிடுமா?

கடலூர், சிதம்பரம் வழியாகப் போகும் சோழன் எக்ஸ்பிரஸை மாடலாக்கி வீட்டு மேஜையில் ஓட்ட வேண்டும் என்று ஆசையா? கடையில் கிடைக்கும் மாடல் பெட்டிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு ரயில்களுடையவை. நீல பெயின்ட் அடித்தால் மட்டும் நம்மூர் பெட்டி ஆகிவிடாது. ஏன்? ஸ்கேலை எடுங்கள்.

முதலில் நீளம். பரவலாக விற்கும் 'ஹெச்.ஓ' மாடல், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர்; மாடலில் 245 மி.மீ. ஐரோப்பாவின் 26.4 மீட்டர் பெட்டி 303 மி.மீ வரும். நடுவில் 58 மி.மீ வெட்டி எடுத்து, இரு பாதிகளையும் ஒட்ட வேண்டும். ஜன்னல் மீது வெட்டு விழக் கூடாது.

அடுத்து அகலம். இங்கேதான் சிக்கல். நம் பெட்டி 37 மி.மீ இருக்க வேண்டும். ஐரோப்பியப் பெட்டி சுமார் 32 மி.மீதான். இதை வெட்டிச் சரிசெய்ய முடியாது. அதனால் பிளாஸ்டிக் ஷீட்டில் பக்கச் சுவர், கூரை எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். ஜன்னல் கம்பிகளையும் மறக்கக் கூடாது. ஏசி பெட்டிக்கு அவை கிடையாது.

தண்டவாளத்தில் ஓர் ஆச்சர்யம். நம் அகலப் பாதைக்கு 19.3 மி.மீ இடைவெளி வேண்டும். கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. விழுப்புரம் - மயிலாடுதுறை தடம் 2010-ல் அகலப் பாதையாகத் திறக்கப்படும் முன்பு, அங்கே ஓடியது மீட்டர் கேஜ். அதற்குத் தேவை 11.5 மி.மீ, 12 மி.மீ தண்டவாளம் விற்பனைக்கு உண்டு. ஆக, இன்றைய ரயிலைவிட, பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாக ஓடிய அந்தப் பழைய ரயிலுக்கே தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்தும்!

எனவே, எந்த வருடத்து ரயில் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். செங்கல் சிவப்பு ஒரு காலம். 1990-களுக்குப் பிறகு நீலம். எல்.ஹெச்.பி பெட்டி என்றால் நீளமே மாறும்: 271 மி.மீ. முனையில் பக்கவாட்டு பஃபரும் இருக்காது.

பழைய வகைப் பெட்டித் தயாரிப்பை ஐ.சி.எஃப் 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பவையும் படிப்படியாக விடைபெறுகின்றன. போன பிறகு அளவெடுக்க முடியாது. ஸ்டேஷனில் நீலப் பெட்டி நின்றால், பிளாட்பாரத்தில் இருந்தபடியே ஜன்னல்களை எண்ணுங்கள். பக்கவாட்டிலும் முனையிலும் போட்டோ எடுங்கள். பெட்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் முதல் 2 இலக்கங்கள் பொதுவாகத் தயாரித்த ஆண்டைச் சொல்லும். மாடல் செய்ய உட்காரும்போது இதெல்லாம்தான் கைகொடுக்கும்.