சுடுமல்லி எந்தக் குடும்பம்?

செய்முறைத் தேர்வில் ஐந்து செடிகளை வைத்து அடையாளம் காணச் சொன்னார்கள். மூன்றாவதாக இருந்தது சுடுமல்லி. எனக்கு நன்றாகப் பழகிய முகம். இடைசெவல் பக்கம் கரிசக்காட்டில் சோளத்துக்கு நடுவே சின்னதாக, வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்குமே, அதேதான். பேரினம் ஸ்ட்ரைகா, குடும்பம் ஓரோபாங்கேசி என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன்.

பேப்பர் திரும்பி வந்தபோது ஓரோபாங்கேசி மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'ஸ்க்ரோபுலேரியேசி' என்று திருத்தம். போய்க் கேட்டேன். "நம்ம சிலபஸ் பெந்தம்-ஹூக்கர்தானப்பா, அதுல இருக்கிறத எழுது" என்றார் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அரை மார்க்குக்கா இந்தப் புலம்பல் என்று கேட்காதீர்கள். அந்த அரை மார்க்கை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். இதில் போவது மார்க் மட்டும் இல்லை என்பதுதான் என் சண்டை.

பெந்தமும் ஹூக்கரும் தங்கள் வகைப்பாட்டை 1862 முதல் 1883 வரை வெளியிட்டார்கள். டார்வினின் புத்தகம் 1859-லேயே வந்துவிட்டது. ஆனாலும் யார் யாருக்குச் சொந்தம் என்ற அடிப்படையில் அவர்கள் செடிகளை அடுக்கவில்லை. பூவையும் காயையும் பார்த்து அடுக்கினார்கள். 1915-ல் தொடங்கி 1936 வரை வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அதே வரிசைதான். அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான வேலை, மறுக்கவில்லை. அந்த வரிசைப்படி ஸ்ட்ரைகா பச்சையாக இருக்கிறது, பூ உதடு உதடாக இருக்கிறது, ஆகவே ஸ்க்ரோபுலேரியேசி. புகையிலைக் காளான் என்கிறோமே, அந்த ஓரோபாங்கி, அதில் பச்சை கிடையாது, சூலகத்தில் ஒரே அறை, ஆகவே தனிக் குடும்பம். இரண்டும் அடுத்தவன் வேரைத் துளைத்துக் குடிக்கிறவை என்பது மண்ணுக்கு அடியில் இருந்த சங்கதி. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கேதான் பசுங்கணிகம் வருகிறது. இலைக்குள் ஒளிச்சேர்க்கை செய்கிற அந்தச் சின்ன உறுப்புக்கு என்று தனியாக டி.என்.ஏ. உண்டு. புகையிலையின் பசுங்கணிக டி.என்.ஏ.வை 1986-ல் முழுதாகப் படித்தார்கள்: சுமார் 1,56,000 எழுத்துகள். சரி, சமைப்பதையே விட்டுவிட்ட செடியில் அந்தச் சமையல் குறிப்பு என்னவாகும்? 1992-ல் விடை வந்தது. ஓரோபாங்கியின் அமெரிக்கச் சொந்தக்காரனான எபிபேகஸ், பச்சையே இல்லாத முழு ஒட்டுண்ணி. அதில் மிஞ்சியது 70,028 எழுத்துகள், 42 மரபணுக்கள். ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் காலி. ஆனால் பசுங்கணிகத்தையே தூக்கி எறியவில்லை. புரதம் செய்கிற சாமான்கள், கொழுப்பமிலம் செய்ய உதவுகிற ஒன்று என்று கொஞ்சம் மிச்சம். அடுப்பை விற்றுவிட்டாலும் அரிவாள்மனை வீட்டில் இருக்கிற மாதிரி.

அந்த மிச்சம்தான் சாட்சி. பச்சை உள்ளவற்றிலும் இல்லாதவற்றிலும் தப்பிப் பிழைத்த ஆர்.பி.எஸ்.2 என்ற பசுங்கணிக மரபணுவை ஒப்பிட்டு டிபாம்ஃபிலிஸ் குழு 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தக் கூட்டத்துக்குள் ஒளிச்சேர்க்கை குறைந்தது ஐந்து முறை தனித்தனியாகத் தொலைந்திருக்கிறது என்று அது காட்டியது. அதாவது பச்சை இருக்கிறதா இல்லையா என்பது குடும்பத்தைப் பிரிக்கிற கோடே இல்லை. அண்ணன் பாதி நாள் வீட்டில் சமைப்பான், தம்பி மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடுவான். அதற்காகத் தம்பிக்கு வேறு இனிஷியலா போடுவோம்? 2001-ல் ஓம்ஸ்டெட் குழு பழைய ஸ்க்ரோபுலேரியேசியைப் பிரித்துப் போட்டது. அதில் இருந்த வேர் ஒட்டுண்ணிகள் எல்லாம் ஓரோபாங்கேசிக்குப் போய்ச் சேர்ந்தன. கூடவே லிண்டன்பெர்கியாவும். நம் நாட்டில் பழைய சுவர் இடுக்குகளில் மஞ்சளாகப் பூக்கிற செடி. யார் வேரையும் தொடாது. ஒட்டுண்ணி ஆகாமல் நின்றுவிட்ட பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சரிப்பா, குடும்பம் மாறினால் சம்சாரிக்கு என்ன?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். இதற்குத்தான் இவ்வளவும்.

எங்கள் தாத்தா வகைப்பாடு படித்தவர் இல்லை. "பருத்தி போட்ட காட்டுல மறு வருசம் சோளம் போட்டா அந்தச் சனியன் அம்புட்டா தலகாட்டாதுடே" என்பார். காரணம் கேட்டால் சிரிப்பார். காரணம் பருத்தி வேரில் இருக்கிறது. சுடுமல்லி விதை தூசி மாதிரி. ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விழும், மண்ணில் பல வருஷம் கிடக்கும். தோதான வேர் கசியவிடுகிற ஒரு ரசாயனம் பட்டால்தான் முளைக்கும். அந்த ரசாயனத்தை முதலில் பிரித்தெடுத்தது 1966-ல், பருத்தி வேர்க் கசிவிலிருந்து! ஸ்ட்ரைகா பேரை வைத்து ஸ்ட்ரைகால் என்றார்கள். பருத்தி கூப்பிடும், விதை முளைக்கும், ஆனால் பருத்தி வேரில் அதனால் ஒட்டிப் பிழைக்க முடியாது. சில நாளில் செத்துவிடும். 1956-ல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் ஸ்ட்ரைகாவைக் கண்டுபிடித்த பிறகு, பின்னாளில் எத்திலீன் வாயுவை மண்ணுக்குள் செலுத்தி விதையை ஏமாற்றி முளைக்கவைத்துக் கொன்றதும் இதே தந்திரம்தான். ஒரே வருஷத்தில் காடு சுத்தமாகிவிடாது, ஆனால் பாரம் குறையும். மணிச்சத்து இல்லாத மண்ணில் வேர்கள் இந்த வகை ரசாயனத்தைக் கூடுதலாகக் கசியவிடும் என்பதும் இப்போது தெரியும். சத்தில்லாத காட்டில் சுடுமல்லி ஏன் ஆடுகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓரோபாங்கியின் விதையும் பொதுவாக இதே வகை ரசாயனத்துக்குத்தான் முளைக்கும். ஒன்றிடம் கற்றதை இன்னொன்றிடம் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்வது அந்தச் சொந்தம்தான். 'ஸ்க்ரோபுலேரியேசி' என்று மனப்பாடம் செய்தவனுக்கு அது தோன்றவே தோன்றாது.

தலைகீழ் உதாரணமும் உண்டு. கஸ்குட்டா என்கிற அம்மையார் கூந்தலும், வேலியில் படர்கிற கொத்தானும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும்: இலை இல்லாத மஞ்சள் நூல். ஆனால் முதலாவது சர்க்கரைவள்ளிக்குச் சொந்தம், இரண்டாவது பட்டை மரத்துக்குச் சொந்தம். பூக்கும் தாவரங்களில் ஒட்டுண்ணி வாழ்க்கை ஏறக்குறைய ஒரு டஜன் தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. கஸ்குட்டா நாற்று தக்காளியை வாசனை பிடித்துத் தேடிப் போகும் என்று 2006-ல் காட்டினார்கள். அது முளைக்க எந்த வேரின் அழைப்பும் வேண்டாம். அதனிடம் பருத்தி வித்தை பலிக்காது. 'எல்லாம் ஒட்டுண்ணிதானே' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் இதை எப்படி விளக்குவார்கள்?

பசுங்கணிகம் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. ஒட்டுண்ணிகளில் அந்த டி.என்.ஏ. வேகமாக மாறும், ஆளைத் தவறான கிளையில் கொண்டுபோய் உட்காரவைக்கும். பிலிப்பைன்ஸின் ரஃப்ளீசியா ஒன்றில் தேடிப் பார்த்து, பசுங்கணிக டி.என்.ஏ.வே அகப்படவில்லை என்று 2014-ல் எழுதினார்கள். அப்போது உட்கரு மரபணுவைத்தான் கேட்கவேண்டும். அதிலும் திருட்டுச் சரக்கு இருக்கும்: ஆப்பிரிக்க ஸ்ட்ரைகாவில் சோளக் கூட்டத்திலிருந்து தாவிய ஒரு மரபணுவை 2010-ல் பிடித்தார்கள். ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது வேறு, 1883-ல் எழுதி முடித்த தீர்ப்பை இன்றும் படித்துக்காட்டுவது வேறு.

"மாணவன் டி.என்.ஏ.வை எங்கே பார்ப்பான், பூவைத்தானே பார்க்கமுடியும்" என்பது அடுத்த வாதம். சார், ஒரு மண்வெட்டி போதும். செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசினால் சோள வேரில் சுடுமல்லியின் வேர் ஒட்டியிருக்கிற முடிச்சு கண்ணுக்குத் தெரியும். தட்டில் வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் வைத்தது யார்? ஹெர்பேரியத்தைக் கலைத்து அடுக்கச் சொல்லவில்லை. பழைய பேரையும் கேளுங்கள், புதிய பேரையும் கேளுங்கள், ஏன் மாறியது என்று ஐந்து மார்க் கேள்வி ஒன்று வையுங்கள். புதிய பேரை எழுதியவனுக்குச் சிவப்புக் கோடு போடாதீர்கள், அவ்வளவுதான்.

பி.கு.: வேப்பமரத்தில் தொங்குகிற புல்லுருவியை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அது இந்தக் குடும்பமே இல்லை, சந்தன மரத்தின் கூட்டம். ஆமாம், சந்தனமும் ஒட்டுண்ணிதான், பக்கத்து மர வேரில் உறிஞ்சுகிற ஜாதி. கோயில் பிரசாதமாக நெற்றியில் வைத்துக்கொண்டு, அடுத்தவரைப் புல்லுருவி என்று திட்டுகிறோம் :-)