இரவில் அடிப்பது எந்தப் பேய்?

மனிதனை அலைக்கழிக்கின்ற பயங்களில் வெளியிலிருந்து வருவது கொஞ்சம்; அவனே நினைத்து நினைத்துப் பெருக்கிக் கொள்வதுதான் அதிகம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் இரவு தனியே நடந்து வந்தவனுக்கு நெஞ்சு படபடத்து, வேர்த்து, கைகால் மரத்து, மூச்சு முட்டினால் வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? "முனி அடித்துவிட்டது" என்கிறார்கள். படித்தவன் வீட்டிலோ "மாரடைப்பு" என்கிறார்கள். முன்னவன் கோடாங்கியிடம் ஓடுகிறான். பின்னவன், 'இருதயம் நன்றாயிருக்கிறது' என்று சொன்ன டாக்டரையும் நம்பாமல் மதுரைக்கு ஓடுகிறான். இருவரையும் பிடித்திருப்பது ஒன்றேதான்.

பயந்தவுடன் உடலில் அட்ரினலின் என்னும் சுரப்பு பெருகுகிறது. இருதயம் விரைந்து அடிக்கிறது. மூச்சை மிகுதியாக வாங்கி விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. ஆபத்திலிருந்து ஓடுவதற்கு உடல் செய்து கொள்ளுகின்ற ஆயத்தமே இது. இதைக் கண்டு 'செத்தேன்' என்று நினைக்கிறான். அந்த நினைப்பால் பயம் கூடுகிறது. பயத்தால் படபடப்பு கூடுகிறது. படபடப்பு நினைப்பை மெய்யாக்கிக் காட்டுகிறது. இந்தச் செக்குமாட்டுச் சுற்றைத்தான் இங்கிலாந்து மனநூலார் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கி எழுதினார்.

இந்தத் திடீர்ப் பயம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்கேறி, பிறகு தானே தணிகின்றது. கோடாங்கி உடுக்கையை எடுப்பதற்குள் பாதி அடங்கிவிடும். பெயரும் பணமும் மட்டும் கோடாங்கிக்கு! பெண்ணாயிருந்தால் வேப்பங்குழை அடியும் உண்டு. தாயத்துக் கட்டியவன் கதி இன்னும் மோசம். 'தாயத்தால் பிழைத்தேன்' என்று நம்புகிறவன், தாயத்தில்லாமலே பிழைத்திருப்பான் என்பதை என்றைக்கு அறிவான்?

திருச்சுழியார் அறிந்த உதாரணமொன்று சொல்லுவோம். அவ்வூரில் 1879-இல் பிறந்து பின்னாளில் ரமணர் எனப்பட்ட வெங்கட்ராமனுக்கு, 1896-இல் மதுரையில், உடம்பில் நோயொன்றுமில்லாத போதே திடீரென மரண பயம் வந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார். பதினாறு வயதுப் பிள்ளை அலறி ஓடவில்லை. படுத்துக் கொண்டு, 'சாவு என்றால் என்ன? சாவது எது?' என்று விசாரித்தார். அவர் கண்ட முடிவை ஒப்புவதும் ஒப்பாததும் வேறு விஷயம். பயத்தைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

நிற்க, மழை பொய்த்த வருஷத்தில் மானாவாரிச் சம்சாரி கவலைப்படுவது கற்பிதமல்ல. அது உள்ள கஷ்டம். ஆனால் 'இந்த வருஷம் விளையவில்லை' என்பது சேதி. 'இனி எனக்கு ஒன்றும் விளையாது, என் குடும்பமே அழியும்' என்பது நினைப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மருந்தில் பாதி.

ஆகவே தோழர்களே! நெஞ்சுவலி வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இருதயத்தில் குறையில்லையென்றால், அடுத்த தடவை ஓடாமல் உட்கார்ந்து, மெதுவாக மூச்சுவிட்டு, 'போன தடவையும் சாவேன் என்றேனே, செத்தேனா?' என்று கேளுங்கள். அப்படியும் தொல்லை விடாவிட்டால் மனநல டாக்டரிடம் போங்கள். 14416 என்ற அரசாங்க டெலிபோன் எண்ணிலும் பேசலாம். பயந்தவனைக் கோழையென்று ஏசாதீர்கள்.

மனநோயை மருத்துவத்துக்கு விடாததன் பலனை நம் அண்டையிலுள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி பார்த்தோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது எந்தப் பேய்? யோசித்துப் பாருங்கள்.