மூலமும் உரையும்: ஒரு பழைய காரை முன்வைத்து

பழைய கார் ஒன்றில் புதிய ஸ்டீரியோவைப் பொருத்துவதில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். மூலத்தைச் சிதைக்காமல் அதன்மேல் எவ்வளவு எழுதலாம் என்ற நம்முடைய பழைய கேள்விதான் இதுவும்.

மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை தயாரானது. பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார். இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடுகிறது. 1954-க்குப் பின் வந்த வண்டிகளில் டேஷ்போர்டின் நடுவே ஒரேயொரு வேகமானி. அந்த எளிமையே அதன் முகம். சுமார் 18 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு பெட்டிக்காக அந்தத் தகட்டை வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டிய தகடு பழையபடி ஆகாது. இதை நாம் எதிர்க்கிறோம்.

தகட்டை வெட்டாமல் விட்டால் மட்டும் போதாது. இந்தக் கார் பாசிட்டிவ் எர்த்தாக வந்தது. அதாவது பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய ஸ்டீரியோவின் உலோகக் கூடோ எதிர்முனையோடு இணைந்தது. கூடு வண்டியின் தகட்டில் பட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். கம்பி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். ஏரியல் கம்பியின் வெளியுறை வழியாகவும் இதே ஆபத்து உண்டு. பேட்டரி இணைப்பை மாற்றி, டைனமோவுக்குப் புதிய துருவம் ஏற்றி, இக்னிஷன் காயிலின் கம்பிகளை இடம் மாற்றி, வண்டியை நெகட்டிவ் எர்த் ஆக்குவதே நல்ல வழி. விரும்பினால் பிறகு பழைய நிலைக்கே திருப்பலாம்.

மின்சாரத்திலும் அடக்கம் வேண்டும். டைனமோ தருவது ஏறத்தாழ 20 ஆம்பியர். இரவில் முகப்பு விளக்குகளும் வைப்பரும் அதில் பாதியை விழுங்கிவிடும். சிறிய ஆம்ப்ளிஃபயர் போதும். அரை நூற்றாண்டு கடந்த கம்பியில் கிளை பிரிக்காமல், பேட்டரியிலிருந்து தனிக்கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும். புளூடூத் ஆம்ப்ளிஃபயரை டேஷ்போர்டின் கீழுள்ள தட்டில் மறைத்துவிட்டால், பாட்டைத் தேர்ந்தெடுக்கக் கைபேசி இருக்கிறது.

பழைய காரில் பாட்டே கூடாது என்னும் தூய்மைவாதிகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஓட்டப்படாத வண்டி துருப்பிடிக்கும். பாட்டுக்காகவேனும் ஒருவர் அதை வெளியே எடுப்பாரானால் நல்லதே. ‘என் கார், என் உரிமை’ என்பவர்களோடும் உடன்பாடில்லை. நமக்கு முன் பலர் கையிலிருந்த பொருள் அது. நமக்குப் பின்னும் இருக்கப்போவது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்ட டூரின் சாசனமும், சாலையில் ஓட்டுவதற்காகச் செய்யும் மாற்றங்கள் திரும்பப் பெறத்தக்கனவாக இருக்கவேண்டும் என்றே சொல்கிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. 1887-இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். உரையை ஒதுக்கிவிட்டு மூலத்தை மட்டும் வாசிக்க இன்றும் நமக்குத் தடையில்லை. காரில் சேர்க்கும் ஸ்டீரியோவும் அத்தகைய உரையாகவே இருக்கட்டும். அடுத்து வரும் உரிமையாளர் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அமர்ந்து அதைக் கழற்றி எடுத்தால், தகட்டில் ஒரு புதுத் துளைகூட அவர் கண்ணில் படக்கூடாது.