பொதுவழியில் ஓர் ஆயச்சாவடி

கண்டுபிடித்தவனுக்குக் கூலி கொடுப்பதில் தவறென்ன என்ற வினா நியாயமானதாகவே தோன்றும். றம்பஸ் என்னும் கலிபோர்ணியக் கம்பனியின் பங்குகளை வாங்கியோர் 2000 ஆம் ஆண்டளவில் இவ்வினாவையே கேடயமாக ஏந்தினர். அதனைப் பழித்தோரோ, ஒரு சில்லைத்தானும் உற்பத்தி செய்யாது பிறர் உற்பத்தியில் வரி அறவிடும் ஒட்டுண்ணி அதுவென்றனர். இரு சாராரும் உண்மையின் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு மறுபாதியை மறைத்தனர்.

1990 இல் மைக் ஃபாம்வால்ட், மார்க் ஹொரோவிற்ஸ் ஆகிய இருவர் இக்கம்பனியைத் தொடங்கினர். கணினியின் செயலி விரைந்து வளர, நினைவகச் சில்லு அதற்கு ஈடுகொடுக்க முடியாது பின்தங்கியமை அக்காலத்தின் மெய்யான இடர்ப்பாடு; அதற்கு அவர்கள் கண்ட தீர்வும் மெய்யானதே. அதனை மறுப்பது அறிவுடைமையன்று. 1996 இல் இன்டெல் அவர்களது 'ஆர்.டி.ராம்' நினைவகத்தைத் தழுவ இணங்கியது. 2000 மார்ச்சில் றம்பஸ் பங்கின் விலை 400 டொலரைத் தாண்டியது.

ஆயின் சந்தை வேறு தீர்ப்பு வழங்கியது. ஆர்.டி.ராம் ஒடுங்கிய 16 பிற்றுப் பாதையில் செக்கனுக்கு 1.6 கிகாபைற்றை அனுப்பியது. விலையோ மிகுதி, வெப்பமும் மிகுதி. போட்டியாக வந்த 'டி.டி.ஆர்.' பழைய 64 பிற்றுப் பாதையிலேயே கடிகாரத் துடிப்பின் ஏற்றம், இறக்கம் இரண்டிலும் தரவை அனுப்பி 2.1 கிகாபைற்றை எட்டியது. 2001 இல் இன்டெலும் தனது பென்டியம் 4 செயலிக்கு மலிவான நினைவகத்தை நாடியது.

தோற்றவர் ஒதுங்குவதே முறை. றம்பஸோ, வென்ற தொழில்நுட்பமும் தனதே என உரிமை கோரியது. தோஷிபா, ஹிட்டாச்சி முதலியன 2000 இலேயே கட்டணஞ் செலுத்த இணங்கின. எது வென்றாலும் பணம் வரும் என்று பங்குதாரர் மகிழ்ந்தனர். தமது தொழில்நுட்பமே சிறந்தது என்ற அவர்களது முன்னைய வாதம் எங்கே போயிற்று? அது தேவைப்படாது போயிற்று!

விவாதத்தின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது. நினைவக நியமங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பில் றம்பஸ் 1996 வரை அங்கம் வகித்தது. அங்கு பேசப்பட்டவற்றைச் செவிமடுத்தவாறே, 1990 இல் இட்ட விண்ணப்பத்திலிருந்து கிளைத்த ஆக்கவுரிமைக் கோரிக்கைகளை அவற்றுக்கேற்பத் திருத்தியது. சபையிலோ மௌனங் காத்தது. 2001 இல் வேர்ஜீனிய யூரிமார் இதனை மோசடி என்றனர். 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஜெடெக்கின் விதிகள் தெளிவற்றவை எனக் கூறி அதனை மாற்றியது. 2006 இல் மத்திய வர்த்தக ஆணைக்குழு றம்பஸ் சட்டவிரோத ஏகபோகம் பெற்றதெனக் கண்டது. அதுவும் 2008 இல் நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது. சட்டம் விடுவித்ததென்பதால் அறமும் விடுவித்ததாகாது. விதி தெளிவற்றிருந்தமை விதியின் குறை. மௌனமோ இருந்தவரின் தேர்வு. வழக்கை எதிர்பார்த்திருந்த வேளையிலேயே கம்பனி ஆவணங்களை அழித்ததென்ற முடிவை 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது.

எதிரிகளும் தூயவரல்லர். நினைவகச் சில்லின் விலையைக் கூடி நிர்ணயித்த குற்றத்தை ஒப்பி, இன்ஃபினியன் 2004 இல் 16 கோடி டொலரும், 2005 இல் ஹைனிக்ஸ் 18.5 கோடியும், சாம்சுங் 30 கோடியும் தண்டம் செலுத்த நேர்ந்தது. ஒட்டுண்ணி என ஓலமிட்டோரே கணினி வாங்குவோரின் மடியில் கைவைத்திருந்தனர். எனினும் ஒருவரது களவு மற்றவரது மௌனத்துக்கு நியாயமாகாது.

2011 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ யூரிமார் றம்பஸின் கோரிக்கையை நிராகரித்த ஒரே நாளில் பங்கின் விலை பாதிக்கு மேல் வீழ்ந்தது. பொறியியலின் பெறுமதி ஒரு நாளில் பாதியாகுமா? பங்குச்சந்தை அளந்தது தொழில்நுட்பத்தையன்று, வழக்கின் வாய்ப்பையே.

2013 இல் ஹைனிக்ஸும் மைக்ரோனும் இணக்கங்கண்டு வழக்கை முடித்தன. கேள்வி முடியவில்லை. நியமம் என்பது பலர் கூடி அமைக்கும் பொதுவழி. தன் நிலம் அவ்வழியிற் கிடப்பதை அறிந்தவன் வழி வெட்டுமுன்னரே சொல்லவேண்டும். விலையையும் அப்போதே கூறவேண்டும். அப்போது மற்றோர் வேறுவழி தேடலாம். வழி அமைந்து வண்டிகள் ஓடத் தொடங்கியபின் ஆயச்சாவடி எழுப்புவது கண்டுபிடிப்புக்கான கூலியன்று. பிறரது திரும்பவியலா நிலைக்கு இட்ட விலையே. அவ்விலையை ஈற்றில் செலுத்துபவன், இவ்விவாதத்தில் ஒருபோதும் பேச அழைக்கப்படாத நுகர்வோனே.